பூங்காவனத்தின் வண்டிக்கு நம்பர் வாங்கிய கதை

1. பெட்டியைத் திறந்த அன்று

"எந்த நாற்காலிக்கு சார் ஹெட்லைட்டும் வைப்பரும் இருக்கு?" என்று கேட்டார் கஸ்டம்ஸ் அப்ரைசர்.

சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். முன்னால் மூன்று மரப்பெட்டிகள். போலந்து நாட்டிலிருந்து வந்தவை. மூடிகளைக் கடப்பாரையால் நெம்பித் திறந்திருந்தார்கள். உள்ளே அலுமினியச் சட்டம், சின்னச் சக்கரங்கள், ஆட்டோவில் இருப்பதுபோல ஒரு ஹேண்டில்பார், கண்ணாடி, மோட்டார், விளக்குகள். அப்ரைசர் கையிலிருந்த இன்வாய்ஸில் இருந்தது வேறு: சக்கர நாற்காலியின் உதிரிப் பாகங்கள்.

அவர் வயதில் சின்னவர். குரலை உயர்த்தவில்லை. "நீங்க இந்த லைன்ல ரொம்ப வருஷம் இருக்கறவர்னு சொன்னாங்க. நீங்களே சொல்லுங்க, இது என்ன?"

நான் இதே துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் என் சொந்த ஊரான ஆலங்காயத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும் பழைய ஆபீஸ் மூலமாகச் சரக்கு எடுத்துக் கொடுக்கிறேன். மருந்து இயந்திரம், தோல் ஊறவைக்கும் டிரம், கப்பல் சங்கிலி என்று எதையெதையோ வெளியே எடுத்திருக்கிறேன். கிட் கார் எடுத்தது அதுதான் முதல் முறை. முழு வண்டியாக இல்லாமல் பாகங்களாகப் பெட்டியில் வந்து, வாங்குகிறவர் பூட்டிக்கொள்ள வேண்டிய வண்டிக்கு அப்படிப் பெயர். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் அதைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்ரைசரிடம் உண்மையைச் சொன்னேன். இது ஒரு சின்ன மின்சார வண்டி. சக்கர நாற்காலியில் இருப்பவர் பின்பக்கச் சரிவுப் பலகை வழியாக நாற்காலியோடு உள்ளே ஏறி, கையாலேயே ஓட்டுவது. அனுப்பியவர்கள் நல்லெண்ணத்தில் நாற்காலிப் பாகம் என்று எழுதிவிட்டார்கள். நான் இதில் தலையிடும் முன்பே கப்பல் கிளம்பிவிட்டது.

அவர் தலையசைத்தார். பிரித்துப் போட்டிருந்தாலும், சேர்த்தால் வண்டியாகும் என்றால் கஸ்டம்ஸுக்கு அது வண்டிதான். அதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நானும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவர் என் காதருகே வந்தார். "சார், நாற்காலின்னே வாதாடலாம். மாற்றுத் திறனாளின்னு ஒரு மனு போட்டா இரக்கப்பட்டு விட்டுடுவாங்க. வண்டின்னு ஒத்துக்கிட்டா அலைச்சல் சார். டெஸ்டிங், ஆர்.டி.ஓ.ன்னு இழுத்துக்கிட்டே போகும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாற்காலிப் பாகம் என்று விட்டால் பெட்டிகள் சீக்கிரம் வெளியே வந்துவிடும். ஆனால் நம்பர் கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகும்போது முதலில் கேட்பது, இறங்கிய சரக்கு இன்னதென்று கஸ்டம்ஸில் பதியும் பில் ஆஃப் என்ட்ரியைத்தான். அதில் நாற்காலி என்று இருந்தால் அந்த வண்டி கடைசிவரை ரோட்டுக்கு வராது.

முடிவு என்னுடையது இல்லை. வண்டிக்குச் சொந்தக்காரிக்கு போன் போட்டு இரண்டு வழியையும் சொன்னேன். பின்னால் யாரோ தராசில் எடைக்கல் வைக்கும் ஓசை கேட்டது.

"நாற்காலின்னு வந்தா நாற்காலியாவே பூடும்ணா" என்றாள் பூங்காவனம். "என்னாண்ட ஏற்கெனவே ஒண்ணு கீது. வண்டின்னே எழுதுங்க."

2. தம்பி போன பிறகு

பூங்காவனத்துக்கு நாற்பதுக்குப் பக்கத்து வயது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு சின்ன ஊர். இரண்டு வயதில் வந்த போலியோவில் இரண்டு காலும் போயிற்று. கைகள் மட்டும் நல்ல வலுவானவை. அவளோடு கை குலுக்கியவர்களுக்குத் தெரியும்.

மலையில் பத்துப் பன்னிரண்டு ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அவரவர் நிலத்துப் புளியையும் சாமையையும் மொத்தமாகச் சேர்த்துக் கீழே விற்கிறார்கள். அதற்குக் கொள்முதல் பார்ப்பவள் பூங்காவனம். ஒவ்வொரு ஊருக்கும் போய், கொட்டை எடுத்த புளியைக் கையில் அழுத்திப் பார்த்து, ஈரம் இருந்தால் திருப்பிக் கொடுத்து, மற்றதை எடை போடுவாள். சொந்தக்காரி என்றும் பார்க்க மாட்டாள்.

அவளை ஊர் ஊராகக் கொண்டுபோனவன் தம்பி ஏழுமலை. டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்காரவைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு போவான். அவன் வெல்டர். வேலூரில் வேலை பார்த்து, பிறகு ஏஜென்சி மூலம் போலந்துக்குப் போனான். குடும்பத்துக்கு நல்லதுதான். ஆனால் அவன் போனதும் பூங்காவனத்தின் பயணமும் நின்றுபோனது. ஷேர் ஜீப்பில் யாராவது தூக்கி வைத்தால் போவாள். ஜீப் நிரம்பி வந்தால் அன்று பயணம் இல்லை. போனில் கேட்டுக் கொள்முதல் செய்து பார்த்தாள். ஈரப் புளி வந்து சேர்ந்தது.

குழுக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டாளாம். "நீ எங்க ஊருக்கு வந்து எவ்ளோ நாளாவுது? வராதவ எப்டி எடை போடுவ?" கோபத்தில் கேட்டதில்லை, உள்ளதைத்தான் கேட்டாள். கீழே ஒரு வியாபாரி, அந்த இடத்துக்குத் தன் ஆளைப் போடக் காத்துக்கொண்டிருந்தார். அவர் ஆள் வந்துவிட்டால் குழு பெயருக்குத்தான் இருக்கும்.

அங்கே போலந்தில், ஏழுமலை தங்கியிருந்த ஊரில், ஒரு பெண் சக்கர நாற்காலியோடு நேராக ஒரு குட்டி வண்டிக்குள் ஏறித் தானே ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறான். விசாரித்துக்கொண்டே போய் அதைச் செய்யும் பட்டறையைக் கண்டுபிடித்தான். ஒரு கிழவரும் அவர் மகளும் நடத்தும் சின்னப் பட்டறை. கிழவர் வண்டியை கிட்டாகவும் விற்பார். ஏழுமலை விடுமுறை நாட்களில் அங்கே வெல்டிங் செய்து கொடுத்து, மீதியை மாதா மாதம் கட்டி, பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிவிட்டுத்தான் அக்காவிடமே சொன்னான். அதன் பிறகுதான் அவள் என்னைத் தேடி வந்தாள். எங்கள் வீட்டுக்குப் புளி கொடுப்பவள், அந்தப் பழக்கம்தான்.

"கப்பல் சாமான் எடுக்கறவரு நீங்கதானண்ணா. இன்னா ஏதுன்னு பாத்து எடுத்துக் குடுங்க" என்றாள்.

வண்டி என்றே எழுதுவது என்று முடிவானதும் இன்வாய்ஸைப் பட்டறையிலிருந்தே திருத்தி வாங்கினோம். அப்ரைசர் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். முழு வண்டி, பிரித்த நிலையில், சேஸிஸ் நம்பர் இன்னது என்று பில் ஆஃப் என்ட்ரியில் ஏறியது. கையெழுத்துப் போடும்போது, "வண்டி ஓடினா ஒரு போட்டோ அனுப்புங்க சார்" என்றார்.

3. பாஷா பாயும் போலந்துக் கிழவரும்

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தேன். வண்டி பூட்ட வாணியம்பாடியிலிருந்து பாஷா பாய் வந்தார். மின்சார ஆட்டோ ரிப்பேரில் அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. பேட்டரியைக் கப்பலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் அதிகம் என்பதால், கிழவர் எழுதிக் கொடுத்த அளவுப்படி இங்கேயே வாங்கினோம்.

கையேடு போலந்து மொழியில் இருந்தது. ஏழுமலை வீடியோ கால் போட்டுப் பட்டறையில் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். இரண்டு நாள் அவன் மொழிபெயர்த்தான். மூன்றாம் நாள் அவனுக்கு ஷிஃப்ட். போனைக் கிழவர் கையில் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான். அதன் பிறகு பாஷா பாய் ஒரு போல்ட்டைத் தூக்கிக் காட்டி உருது கலந்த தமிழில் கேட்பார். கிழவர் வேறொரு போல்ட்டைத் தூக்கிக் காட்டித் தன் மொழியில் பதில் சொல்வார். இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கூடப் பேசினார்கள். வேலை முன்பைவிட வேகமாக நடந்தது.

பூங்காவனம் தினமும் முதல் பஸ்ஸில் இறங்கி வந்தாள். ஊரிலிருந்த அண்ணி ஒருத்தி கூடவே வந்து அவளை ஏற்றி இறக்கினாள். சும்மா உட்காரவில்லை. ஒயர்களுக்கு நிறம் பார்த்து நாடா சுற்றினாள். சட்டத்தின் நட்டு எல்லாவற்றையும் அவள்தான் கடைசியாக முறுக்கினாள்.

ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். நாற்காலி உள்ளே ஏறியதும் அதைக் கவ்விப் பிடிக்க ஒரு பூட்டு உண்டு. அங்குள்ள நாற்காலியின் அளவுக்குச் செய்தது அது. பூங்காவனத்தின் நாற்காலி அகலம். பூட்டு கவ்வவில்லை.

"கொஞ்சம் வெட்டி வெல்டிங் வச்சுட்றேன், அரை மணி வேலை" என்றார் பாஷா பாய்.

"வாணாம் பாய். வண்டியில ஒரு இஞ்ச் மாத்தினாலும் டெஸ்டிங்ல யார் மாத்தினதுன்னு கேப்பாங்க. பட்டறை குடுத்த படத்துல இருக்கறது இருந்தபடி இருக்கட்டும்" என்றேன்.

இருவரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது பூங்காவனம் சொன்னாள்: "அப்ப நாற்காலிய வெட்டுங்க. அதுக்கு எந்த ஆபீஸ்லயும் பதில் சொல்லத் தேவல்ல."

அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாற்காலியின் குழாயை அறுத்துக் குறுக்கினோம். பூட்டு 'டக்' என்று கவ்வியது. போனில் கிழவர் கை தட்டினார்.

4. சரிவில் நிற்காத வண்டி

அடுத்தது சோதனை நிலையம். அரசு அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் ஒரு வண்டியைப் பார்த்துச் சான்று தராமல் ஆர்.டி.ஓ. அதைத் தொடவே மாட்டார். வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். விளக்கு, ஹாரன், ஸ்டியரிங், ஓடும்போது பிடிக்கும் பிரேக், எல்லாம் சரி. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கடைசியாக சரிவு மேடை. வண்டியை அதில் ஏற்றி, பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டுக் கையை எடுக்க வேண்டும். வண்டி அப்படியே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. முதலில் ஒரு விரல் அளவு நகர்ந்தது. பிறகு மெதுவாகப் பின்னால் இறங்கத் தொடங்கியது. கீழே நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

சோதனை நிலையத்து இன்ஜினியர் மறுபடியும் செய்து பார்த்தார். அதே கதைதான். அவர் சங்கடத்தோடு வந்தார். "வண்டியில குறை இல்லை சார். செஞ்ச இடம் சமவெளி போல இருக்கு. அதுக்குத் தகுந்த பிரேக் வச்சிருக்காங்க. இவங்க எந்த ஊர்ல ஓட்டப் போறாங்க?"

"ஜவ்வாது மலையில" என்றேன்.

அவர் பூங்காவனத்தைப் பார்த்தார். அவள் சரிவு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் கண்ணமங்கலத்தில் டீக்கு நிறுத்தினோம். நான் சமாதானமாக ஏதோ சொன்னேன். பூங்காவனம் டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த மனுசன் நல்லா சொன்னாருண்ணா. இங்க நிக்காதது எங்க மலையில நின்னிருக்குமா? நம்பர் குடுத்திருந்தா அத்தோட நானும் உருண்டிருப்பேன்."

பொங்கல் முடிந்து புளி உலுக்கத் தொடங்கியிருந்தார்கள். வியாபாரியின் ஆள் இரண்டு ஊர்களில் எடை போட ஆரம்பித்துவிட்டான். குழுப் பெண்கள் கூடிப் பேசி, மாசிக் கடைசி வரைக்கும் பொறுப்பது என்று முடிவு செய்தார்கள். அதற்குமேல் புளியை வீட்டில் வைத்திருக்க முடியாது.

கிழவருக்கு என்னவென்று எழுதுவது? சரிவின் கோணத்தை எழுதினேன். அவர் மகள் மரியாதையாகப் பதில் போட்டாள். ஆனால் ஏதும் நடக்கவில்லை. பூங்காவனம் வேறு வழி பிடித்தாள். ஆலங்காயத்திலிருந்து மேலே போகும் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, மலைப்பாதை முழுவதையும் போனில் வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். ஏழுமலை அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கிழவருக்குப் போட்டுக் காட்டினான்.

அவர் கடைசிவரை பார்த்தாராம். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாராம். பிறகு, "உன் அக்கா இந்த ரோட்டிலா ஓட்டப் போகிறாள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மேஜையில் காகிதத்தை விரித்து வரைய உட்கார்ந்துவிட்டாராம்.

மலைக்கு ஏற்ற புது கியர், கை எடுத்ததும் தானாகவே பிடித்துக்கொள்ளும் மின்காந்த பிரேக், அவற்றுக்கான வரைபடம், பட்டறையின் கையெழுத்தோடு ஒரு உறுதிமொழி, நான்கும் விமானத்தில் வந்தன. அவற்றுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாஷா பாய் மாட்டி முடித்ததும் போனைப் பார்த்து சலாம் வைத்தார். கிழவரும் அதேபோல நெற்றியில் கை வைத்தார்.

இரண்டாவது முறை சரிவு மேடையில் ஏற்றியபோது நான் பக்கத்தில் நிற்கவில்லை. தூரமாகப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். பாஷா பாய்தான் வந்து தோளைத் தொட்டார். "நிக்குது சார். ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

5. மலை ரோட்டில் ஒரு கல்

சான்று வந்தது. தற்காலிகப் பதிவு கிடைத்தது. பூங்காவனம் எல்.எல்.ஆர். எடுத்து, ஆலங்காயம் ஷெட்டின் முன்னாலிருந்த வெற்று மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். மாற்றுத் திறனாளிக்கென்றே வடிவமைத்த வண்டிக்குச் சட்டத்தில் தனி வகையே உண்டு. எனவே ஆர்.டி.ஓ. ஆபீஸில் விளக்கிச் சொல்ல நான் தயாராகப் போனது எதுவும் தேவைப்படவில்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் ஒரு அம்மா. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சேஸிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்த்தார். பில் ஆஃப் என்ட்ரியோடு ஒத்துப் பார்த்தார். சரி என்றார்.

அப்புறம் பூங்காவனத்திடம் திரும்பினார். "இந்த ஆபீஸ் மைதானத்துல ஓட்டிக் காட்டினா ரூல்ஸுக்குப் போதும்மா. எனக்கு மனசு ஒப்பல. நீங்க ஓட்டப் போற ரோட்டுல பாக்கணும். வர்றீங்களா?"

"வர்றேன் மேடம்" என்றாள் பூங்காவனம். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

எல் போர்டு போட்ட வண்டியில் பக்கத்தில் உட்கார ஆய்வாளர் பார்த்தார். அதில் பக்கத்து இடமே கிடையாது. ஒருவருக்கான வண்டி. அவர் தன் ஜீப்பில் ஒட்டிப் பின்னால் வந்தார். நானும் அதில் ஏறிக்கொண்டேன்.

மலை ரோட்டின் முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் அழகாக ஏறினாள். மூன்றாவதில் மேலிருந்து பஸ் வந்துவிட்டது. வளைவு பூராவும் பஸ். ஒதுங்க வழியில்லை. பூங்காவனம் ஏற்றத்தின் நடுவில், செங்குத்தான இடத்தில் நிறுத்தினாள். பஸ் டிரைவர் வண்டியைப் பார்த்த வியப்பில் கை காட்டவும் மறந்து அப்படியே நின்றுவிட்டார்.

ஆய்வாளர் ஜீப்பிலிருந்து குதித்தார். ஓரத்தில் கிடந்த பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடி, பூங்காவனத்தின் வண்டிக்குப் பின் சக்கரத்தருகே குனிந்து நின்றார். வண்டி இறங்கினால் சக்கரத்தடியில் போட. நான் ஜீப் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

வண்டி நகரவில்லை.

பஸ் பின்வாங்கி வழிவிட்டது. மோட்டார் மெலிதாக முனகியது. சக்கரம் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் முன்னால் எடுத்தது. வளைவில் ஏறித் திரும்பிச் சமமான இடத்தில் ஓரமாக நின்றது. ஆய்வாளர் கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டு நடந்து போனார்.

பூங்காவனத்தின் முகமெல்லாம் வியர்வை. "பயந்துட்டீங்களா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"பயந்தேன் மேடம்" என்றாள். "பஸ்காரரும்தான் பயந்தாரு. அவுருக்கு லைசென்ஸ் குட்த்துதான கீறீங்க."

ஆய்வாளர் சிரித்துவிட்டார். நம்பரும் லைசென்ஸும் மாசி முடிவதற்குள் வந்துவிட்டன. அப்ரைசருக்கு நான் போட்டோ அனுப்பினேன்.

6. பிள்ளைகளுக்கு

இந்தத் தொழிலில் நாம் கேட்கும் முதல் கேள்வி, சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்பது. நானும் அத்தனை வருடம் அதைத்தான் முதலில் கேட்டேன். இப்போது யாராவது கிட் கார் என்று வந்தால், கடைசியில் அது எந்த ரோட்டில் ஓடப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் காகிதத்தைத் தொடுகிறேன். பிரேக்கும் கியரும் அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன. அடுத்தது, சரக்கை அதன் சொந்தப் பெயரிலேயே உள்ளே கொண்டுவாருங்கள். வேறு பெயரில் வந்ததை எந்த ஆபீஸும் பிறகு வண்டியாக்கித் தர முடியாது. நிராகரிப்பவர் எல்லாரும் எதிரி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டியை மறுத்த இன்ஜினியர் இல்லையென்றால் இதை எழுத எனக்கு மனம் வந்திருக்காது.

மலையில் அமிர்திப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியர் அதே வண்டி கேட்டிருக்கிறார். போலந்துக் கிழவர் இப்போது மலைக்கென்றே ஒரு கிட் தனியாகச் செய்கிறார். அடுத்த பெட்டி கப்பலில் ஏறிவிட்டது.

நம்பர் பலகை மாட்டிய மறுநாள் பூங்காவனம் கொள்முதலுக்குக் கிளம்பினாள். முதல் நாள் நானும் கூட இருக்கிறேன் என்று சொன்னேன். "எங்கண்ணா உக்காருவீங்க? பஸ்ல வாங்க, நான் முன்னாடி பூட்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பஸ் பிடித்து, இறங்கி நடந்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது தராசு தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் புளி மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். அன்று குழுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டாளே ஒரு பெண், அது அவள் ஊர்தான். அவளுடைய மூட்டையில் கையை விட்டு, அழுத்திப் பார்த்து, "ஈரம் கீதுக்கா. ரெண்டு நாள் காயப் போடு, நானே வந்து எடுத்துக்கறேன்" என்றாள் பூங்காவனம். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே போனாள்.

எடை முடிந்தது. எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, "நீங்க மெதுவா வாங்கண்ணா, எனக்கு இன்னும் ரெண்டு ஊரு கீது" என்று வண்டிக்குள் ஏறிக்கொண்டாள். சரிவுப் பலகை மேலே மடங்கி மூடிக்கொண்டது. வண்டி திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் போகும் பஸ் மத்தியானம்தான் என்றார்கள். நான் டீயைக் குடித்துக்கொண்டு காத்திருந்தேன்.